தமிழ்த் தாள் இந்தப் பக்கம்

எங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தின் வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. அந்தக் காலத்துத் தேயிலைப் பெட்டியிலிருந்து பெயர்த்த மெல்லிய பலகை. ஓரமெல்லாம் பிசிறடித்துப்போய், தொட்டால் விரலில் சிராய் ஏறும். 'காலணிகளை இங்கே விடவும்' என்று நீலப் பெயின்டில் எழுதியிருக்கிறது. குன்னூர் ஈரத்துக்கு எந்தப் பெயின்டும் நாலு மழை தாங்காது. எங்கள் அட்டெண்டர் வருஷா வருஷம் அதன் மேலேயே எழுதி எழுதி, எழுத்துகள் தடித்துக் கிடக்கின்றன. பிள்ளைகள் அதைப் படிப்பதில்லை. கீழே நாலு ஜோடி செருப்பு கிடந்தால் தங்களுடையதையும் விட்டுவிட்டு உள்ளே போகிறார்கள். பலகையைத் திருப்பினால் பின்பக்கம் வேறொரு வரி இருக்கும். 'தமிழ்த் தாள் இந்தப் பக்கம்' என்று கறுப்பு மையில், 'தாள்' என்பதில் கடைசி எழுத்தின் வால் கொஞ்சம் நீண்டு, பக்கத்தில் ஓர் அம்புக்குறி. சுவரைப் பார்த்தே தொங்குவதால் அந்த மை மட்டும் இன்னும் மங்கவில்லை.

அதை எழுதியவர் டீச்சர். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவரைப்போல நானும் கணினி ஆசிரியன்தான். ஆனாலும் அவரை நான் டீச்சர் என்றும் அவர் என்னை சார் என்றுமே கடைசிவரை கூப்பிட்டுக்கொண்டோம். பலகையை எழுதிய அன்று அம்பின் தலை உடம்பைவிடப் பெரிதாக வந்துவிட்டது. "ஏனுங்க டீச்சர், இது அம்புங்களா, மீனுங்களா?" என்று கேட்டேன். "மீனாவே இருக்கட்டும் சார், அந்தப் பக்கந்தானே போவுது" என்றார். அவர் வேடிக்கையாகப் பேசியதில் எனக்கு நினைவிருப்பவை குறைவு. அதில் இது ஒன்று.

நான் கோயமுத்தூர்க்காரன். வேலைக்காக மலையேறி வந்து, குளிரைத் திட்டிக்கொண்டே இங்கேயே தங்கிப்போனவன். டீச்சர் கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்தவர். அவருடைய அம்மா சிறு பெண்ணாக இருக்கும்போது சிலோனிலிருந்து கப்பலில் வந்த குடும்பம். அங்கேயும் கொழுந்து பறிப்பதுதான், இங்கேயும் கொழுந்துதான். அந்த லைனில் இருந்து எம்.சி.ஏ. முடித்த முதல் ஆள் டீச்சர். கோத்தகிரியில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் வேலை கிடைத்தது. அந்தப் பள்ளியில் கணினிகள் இருந்தன, மின்சாரம் இருந்தால் அவை ஓடவும் செய்யும். ஈரம் உள்ளே போய்க் கெட்டுவிடாமலிருக்க ஒவ்வொரு பெட்டிக்குப் பக்கத்திலும் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு வைத்திருப்பார். அடைகாக்கிறீர்களா என்று கேலி செய்வேன்.

போட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாடு முழுவதும் பள்ளிப் பிள்ளைகளுக்காக நடக்கிற கணினி நிரலாக்கப் போட்டி அது. இன்று அதற்கு இருக்கிற ஆர்ப்பாட்டத்தைப் பார்ப்பவர்களுக்கு, அது எங்கள் மலைக்கு வந்த விதத்தைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். கூரியரில் ஒரு கவர் வரும். அதில் முத்திரையிட்ட வினாத்தாள்கள் இருக்கும். முதல் சுற்றுக்குக் கணினியே கிடையாது. பேப்பர், பென்சில், மூன்று மணி நேரம். ஒரு சிக்கலைக் கொடுப்பார்கள். எந்திரத்துக்குச் சொல்லித்தர வேண்டிய வழியைப் பிள்ளை தன் மண்டைக்குள்ளேயே ஓட்டிப் பார்த்து, கடைசியில் வருகிற எண்ணை மட்டும் எழுத வேண்டும். 'கம்ப்யூட்டர் இல்லாத கம்ப்யூட்டர் போட்டி' என்று ஆசிரியர் அறையில் சிரித்தார்கள். என்னை மையப் பொறுப்பாளனாகப் போட்டிருந்தார்கள். முதல் வருஷம் எழுத வந்தது எங்கள் பள்ளிப் பிள்ளைகள் ஒரு கைப்பிடி. வேதியியல் ஆய்வகத்தில் உட்கார வைத்தோம். பாதிப் பேருக்கு அமில வாடையில் தலைவலி.

இரண்டாவது வருஷம் டீச்சர் வந்தார். பின்னால் ஏழெட்டுப் பிள்ளைகள், குரங்குக் குல்லாவும் ஸ்வெட்டருமாக. கீழ் கோத்தகிரியிலிருந்து கோத்தகிரிக்கு ஒரு பஸ், அங்கிருந்து குன்னூருக்கு இன்னொன்று. வளைவுகளில் வாந்தியெடுத்து, கையில் எலுமிச்சம்பழத்தோடு நின்றார்கள். வினாத்தாளைக் கொடுத்ததும் அந்தப் பிள்ளைகளின் முகம் போன போக்கை நான் கவனித்தேன். தேர்வு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு டீச்சர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "இது இங்கிலீஷ் போட்டியா சார், கணக்குப் போட்டியா?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. எனக்குச் சுருக்கென்றது. "நானுங்களா தாள் எடுக்கறேன்? மேல எழுதிக் கேளுங்க" என்றேன். தட்டிக்கழிக்கச் சொன்னதை அவர் நிஜமாகவே எடுத்துக்கொண்டு, வடக்கே இருந்த தலைமைக் குழுவுக்கு எழுதத் தொடங்கினார். பதில் வரவில்லை, மறுபடி எழுதினார். போட்டி அப்போதுதான் பெருக ஆரம்பித்திருந்தது. மாநிலத்துக்கு ஒரு மையம் என்பது போய் ஊருக்கு ஒரு மையம் என்றானது. எல்லா மொழிப் பிள்ளைகளும் எழுத வேண்டும் என்று குழுவிலேயே சிலருக்கும் தோன்றியிருக்க வேண்டும். ஒருநாள் பதில் வந்தது. தமிழில் தாள் கொடுக்கலாம். மொழிபெயர்க்க ஆள் வேண்டும். சம்பளம் கிடையாது. அவருக்கு அன்று இருந்த சந்தோஷத்தில், வரும் வழியில் வாங்கிய வர்க்கிப் பொட்டலம் முழுவதையும் எங்கள் ஆசிரியர் அறையில் வைத்துவிட்டுப் போனார்.

மொழிபெயர்ப்பு அவரைப் படுத்திய பாட்டை நான் கிட்ட இருந்து பார்த்தேன். சனிக்கிழமைகளில் எங்கள் ஆய்வகத்துக்கு வருவார். நிரல் என்றால் எந்திரத்துக்கு எழுதுகிற ஆணைத்தொகுப்பு. ஆனால் கணக்குப் புத்தகத்தில் மேலிருந்து கீழே போகிற எண்வரிசைக்கும் நிரல் என்றுதான் பெயர். இடமிருந்து வலம் போவது நிரை. 'முதல் நிரலை எழுதுக' என்றால் பிள்ளை எதை எழுதும்? எண்களை அடுக்கிவைத்த தொகுப்புக்கு அணி என்று போட்டால் கிரிக்கெட் அணியா என்கிறார்கள். இப்படிப் பொதுவான சொற்களை என்னோடு சண்டை போட்டே முடிவு செய்வார். ஆனால் வினாத்தாள் கைக்கு வந்துவிட்டால் வாயைத் தைத்துக்கொள்வார். தேர்வு நாள்வரை தாளில் இருக்கிற ஒரு சொல்லைக்கூட யாரிடமும் கேட்கக்கூடாது என்பது குழுவின் விதி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அறையில் நான் இருந்தால் திரையை அணைத்துவிடுவார். "என்னங்க டீச்சர், ராணுவ ரகசியமா?" என்றால், "சத்தியம் பண்ணிட்டேன் சார்" என்பார். அந்த விதியை அவ்வளவு நேர்மையாகக் காப்பாற்றாமல் இருந்திருக்கலாம் என்று இன்று எனக்குத் தோன்றுகிறது.

சில வருஷங்கள் நன்றாகவே போயின. தமிழ்த் தாளுக்குத் தனி அறை கொடுத்தோம். அந்த அறை வாசலுக்குத்தான் பலகை எழுதினார். குன்னூர்க் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் சிலரும், பெரும்பாலும் எஸ்டேட் பிள்ளைகளும் அந்த அம்பைப் பார்த்துத் திரும்பினார்கள். சமவெளியில் வேறு சில மையங்களிலும் அதே தமிழ்த் தாள் ஓடியது. அடுத்த சுற்றுக்கு எங்கள் மலையிலிருந்து எஸ்டேட் பிள்ளை யாரும் போகவில்லை. ஆனால் வருஷா வருஷம் கட்-ஆஃப் மதிப்பெண்ணுக்குக் கிட்டே கிட்டே வந்துகொண்டிருந்தார்கள். அதற்குள் போட்டி இன்னொரு பக்கம் வேறுமாதிரி வளர்ந்துகொண்டிருந்தது. இதில் ஜெயித்தால் பெரிய கல்லூரிகளில் மதிப்பு என்று பேச்சு பரவியதும், சமவெளியில் இதற்கென்றே பயிற்சி நிலையங்கள் முளைத்தன. பதிவுப் பட்டியல் நீண்டது. குழுவின் கடிதங்களில் 'நியமம்', 'தரம்' என்கிற சொற்கள் அடிக்கடி தலைகாட்டின. பிராந்திய மொழித் தாள்களை வைத்துக்கொள்வதா என்று பரிசீலிக்கப்போவதாக ஒரு கடிதத்தில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் படித்த பிறகு டீச்சருக்கு ஒன்றே ஒன்றுதான் குறி. இந்த முறை தாளில் ஒரு பிழையும் இருக்கக்கூடாது, தமிழ்த் தாள் நிலைக்க வேண்டும்.

அந்த வருஷத்து வினாவை நான் இன்னும் மறக்கவில்லை. ஆங்கிலத்தில் அது ஓர் ஆரஞ்சுத் தோப்பு. படத்தில் ஐந்து வரிசை மரங்கள். ஒவ்வொரு வரிசையின் மேலும் அதில் எவ்வளவு பழம் தேறும் என்று ஓர் எண்: நான்கு, ஒன்பது, மூன்று, எட்டு, ஐந்து. வரிசைக்கு ஓர் ஆள். பக்கத்துப் பக்கத்து வரிசைகளில் ஒரே நாளில் பறிக்கக்கூடாது, ஏணிகள் இடிக்கும். அப்படியென்றால் ஒருநாளில் அதிகபட்சம் எவ்வளவு பறிக்கலாம்? ஒன்பது என்று போட்ட வரிசையையும் எட்டு என்று போட்ட வரிசையையும் எடுத்தால் பதினேழு. இதே கணக்கைப் பெரிய பெரிய எண்களோடு மறுபடி கேட்டிருந்தார்கள். சூட்சுமம் பிடிபட்டால் எல்லாவற்றுக்கும் மதிப்பெண், தவறினால் எல்லாமே போச்சு. டீச்சர் தமிழில் ஆரஞ்சுத் தோப்பைத் தேயிலைத் தோட்டமாக மாற்றியிருந்தார். குழுவிடம் அனுமதி வாங்கியே செய்திருந்தார். படம் அதே படம், மரங்களுக்குப் பதில் தேயிலைச் செடி. ஒரு நிரைக்கு ஓர் ஆள். அடுத்தடுத்த நிரைகளில் ஒரே நாளில் ஆள் நிற்கக்கூடாது, கூடைகள் இடிக்கும். கவரைப் பிரித்து அதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆரஞ்சுத் தோப்பைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகள், இவர்களுக்குத் தேயிலை போதும் என்று நினைத்திருக்கிறாரே என்று.

தேர்வு முடிந்து பிள்ளைகள் வெளியே வந்தார்கள். முகங்களில் இருந்த தெளிச்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. டீச்சர் வராந்தாவில் காத்திருந்தார். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அந்தக் கூட்டத்திலேயே உயரம் குறைந்தவள், ஓடிவந்து, "டீச்சர், தோட்டக் கணக்கு எங்க கணக்கு டீச்சர்" என்றாள். என்ன விடை என்று கேட்டார். "இருவத்தாறு." டீச்சரின் முகம் மாறியது. பக்கத்தில் நின்ற பையனைக் கேட்டார். இருவத்தாறு. அடுத்தவளும் இருவத்தாறு. கீழ் கோத்தகிரியிலிருந்து வந்த ஒரு பிள்ளைகூட மாற்றிச் சொல்லவில்லை. மளிகைக்கடைக்காரர் மகன் மட்டும், "பதினேழுதானே?" என்றான். அவனை மற்றவர்கள் பாவமாகப் பார்த்தார்கள். டீச்சர் பிள்ளைகளுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுக்கச் சொல்லி அட்டெண்டரை அனுப்பிவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து வினாத்தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கைபேசியை எடுத்தார். நான் பக்கத்தில் நின்றதால் இரண்டு பக்கமும் கேட்டது.

"அம்மா, நெரைன்னா என்னாம்மா?"

"என்னா புள்ள இப்பிடிக் கேக்குற? நெரை தெரியாதா ஒனக்கு?"

"சொல்லேம்மா."

"செடிக்கும் செடிக்கும் நடுவுல ஆளு நிக்கிற எடம். அங்க நின்னு ரெண்டு பக்கமும் எடுக்கணும். பள்ளிக்கூடம் லீவுல நீயே நின்னுருக்கியே."

டீச்சர் போனை வைத்துவிட்டார். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புத்தகத்தில் நிரை என்பது எண்களின் வரிசை, தோப்பென்றால் மரங்களின் வரிசை. லைனில் நெரை என்பது இரண்டு செடி வரிசைகளுக்கு நடுவே இருக்கிற சந்து. படத்தில் ஐந்து செடி வரிசை இருந்தால் அந்தப் பிள்ளைகளின் கண்ணுக்கு நான்கு நெரை. முதல் நெரையில் நிற்கிறவளுக்கு ஒரு கையில் நான்கு, மறுகையில் ஒன்பது, ஆகப் பதின்மூன்று. கடைசி நெரையில் எட்டும் ஐந்தும், அதுவும் பதின்மூன்று. இரண்டும் அடுத்தடுத்த நெரை இல்லை, கூடை இடிக்காது. இருபத்தாறு. அவர்கள் போட்ட கணக்கில் எள்ளளவும் பிழை கிடையாது. தங்கள் அம்மா தினமும் எங்கே நிற்கிறாள் என்று தெரிந்த பிள்ளைகள் மட்டும்தான் அந்தத் தவறைச் செய்திருக்க முடியும். டீச்சரும் அந்தச் சந்தில் நின்றவர்தான். ஆனால் கல்லூரிக்குப் போய், கணக்குப் புத்தகத்தின் நிரையையும் நிரலையும் பத்து வருஷம் பிள்ளைகளுக்கு ஒப்பித்து, அந்தப் பழைய நெரை அவர் மனசில் எங்கேயோ கீழே போய்விட்டிருந்தது. எழுதும்போது ஒரு நிமிஷம் அம்மாவைக் கேட்டிருந்தால் போதும். கேட்கக்கூடாது என்று சத்தியம் இருந்தது.

குழுவுக்கு விஷயம் தானாகவே போய்ச் சேர்ந்தது. சமவெளி மையங்களில் தமிழில் எழுதியவர்கள் பதினேழு என்றும், எங்கள் மையத்தில் இத்தனை பேர் ஒன்றுபோல இருபத்தாறு என்றும் எழுதியிருந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். மையத்தில் பார்த்து எழுதிவிட்டார்களா அல்லது மொழிபெயர்ப்பு தவறா என்று கேட்டு எனக்கு அஞ்சல் வந்தது. பார்த்து எழுதவில்லை என்று நான் உறுதி சொன்னேன். அப்படியானால் மொழிபெயர்ப்பு சரிதானா என்று டீச்சரிடம் நேரடியாகப் பேச வேண்டும் என்றார்கள். எங்கள் ஆய்வகத்தில் இருந்து வீடியோவில் பேசுவதாக ஏற்பாடு.

அன்று காலை நான் அவரிடம் சொன்னதைச் சொல்கிறேன். "டீச்சர், பாடப்புத்தகத்தை எடுத்து நீட்டுங்க. நிரைன்னா என்னன்னு அதுல அச்சாயிருக்குது. மொழிபெயர்ப்பு சரின்னு ஒரே வார்த்தை சொல்லிருங்க. பசங்க இந்த வருஷம் போனா அடுத்த வருஷம் எழுதுவாங்க. தாள் போயிருச்சுன்னா ஒருத்தனும் எழுத முடியாதுங்க." எனக்கு அதில் எந்தத் தயக்கமும் இருக்கவில்லை, இன்றைக்கும் பெரிதாக இல்லை.  ஆய்வகத்து ஜன்னலுக்கு வெளியே மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. "புத்தகத்துல சரி சார். லைன்ல தப்பு" என்றார் டீச்சர். "அந்தப் புள்ளைங்க முட்டாளுங்கன்னு நான் எப்பிடி சார் என் வாயால சொல்றது?"

முட்டாள் என்று யாரும் சொல்லச் சொல்லவில்லை என்றேன். அவர் கேட்கவில்லை. குழுவோடு பேசும்போது, இந்தச் சொல்லுக்கு எங்கள் மலையில் வேறு பொருள் இருக்கிறது, அந்தப் பொருளில் பிள்ளைகளின் விடை முற்றிலும் சரி, தவறு என்னுடையது என்று நிதானமான ஆங்கிலத்தில் சொன்னார். படத்தை எடுத்துக் காட்டி இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுக் காட்டினார். அவர்கள் நல்ல மனிதர்கள்தான். மரியாதையாகக் கேட்டார்கள். ஒருவர் மட்டும், இதே சொல் இன்னொரு ஊரில் மூன்றாவது பொருள் தராது என்று உங்களால் உறுதி சொல்ல முடியுமா என்று கேட்டார். முடியாது என்றார் டீச்சர்.

இருபத்தாறையும் ஏற்றுக்கொண்டார்கள். அந்தக் குட்டைப் பெண் கட்-ஆஃபைத் தாண்டினாள். எஸ்டேட் லைனிலிருந்து அடுத்த சுற்றுக்குப் போன முதல் பிள்ளை. டீச்சர் அவளைக் கோயமுத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டாம் சுற்று முழுக்கக் கணினியில், முழுக்க ஆங்கிலத்தில். ஊர் ஊராகப் பயிற்சி எடுத்துவந்த பிள்ளைகளுக்கு நடுவில் அவள் விசைப்பலகையில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடியிருக்கிறாள். முதல் வினாவின் முதல் பத்தியைப் படித்து முடிப்பதற்குள் நேரம் கரைந்துவிட்டது என்று டீச்சர் பிறகு சொன்னார். பஸ்ஸில் திரும்பும்போது அவள் அழவில்லையாம், மலையேறத் தொடங்கிக் குளிர் வந்ததும் ஸ்வெட்டரைக் கேட்டாளாம். அதற்குள் அடுத்த ஆண்டுக்கான சுற்றறிக்கை வந்துவிட்டது. எல்லா மாணவருக்கும் வினா ஒரே பொருளில் போய்ச்சேர வேண்டும் என்பதால் இனி ஒரே மொழி, ஆங்கிலம். முதல் சுற்றும் இனி கணினியில். தமிழோடு மற்ற மொழித் தாள்களும் போயின. போட்டி வளர்கிற வேகத்தில் எப்படியும் ஓரிரு வருஷத்தில் அது நடந்திருக்கும் என்று நான் அவரிடம் பலமுறை சொன்னேன். அவர் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டு, "நாந்தான் சார் மூடுனேன்" என்பார்.

அதற்குப் பிறகு போட்டி வளர்ந்த வளர்ச்சி ஊரறிந்தது. எங்கள் மையத்துக்குக் கார்கள் வரத் தொடங்கின. மலைப் பகுதிக்குக் கட்-ஆஃப் குறைவு என்பதைக் கண்டுபிடித்து, சமவெளிப் பயிற்சி நிலையங்கள் தங்கள் பிள்ளைகளைக் குன்னூர் மையத்தில் பதிவு செய்தன. முதல்நாளே வந்து ஊட்டியில் தங்கி, போட் ஹவுஸ் பார்த்துவிட்டு, காலையில் நிலையத்தின் பெயர் போட்ட ஒரே நிற ஸ்வெட்டரில் இறங்குவார்கள். விளம்பரதாரர் பேனர், கழுத்தில் அட்டை, வாசலில் செல்ஃபி எடுக்க ஓர் அட்டைச் சட்டகம். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முடிவுகளில் எங்கள் மலையின் பெயர் முதல்முறையாக மேலே வந்தது. பாராட்டுக் கடிதம் எனக்கு வந்தது. அதை வாங்கும்போது எனக்கு எரிச்சலாக இருந்தது.

தமிழ்த் தாள் நின்ற பிறகும் டீச்சர் முதல் இரண்டு வருஷம் தேர்வு நாளில் வந்தார். அவருக்கு வேலை ஒன்றும் இல்லை. வராந்தாவில் உட்கார்ந்து, பிள்ளைகள் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்த்துவிட்டு மாலை பஸ்ஸைப் பிடிப்பார். கூட ஒரு பிள்ளையும் வராது. மூன்றாவது வருஷம் வரவில்லை. போன் செய்தால் எடுப்பார், பள்ளியைப் பற்றி, ஈரத்தைப் பற்றிப் பேசுவார். நான் போட்டியின் பேச்சை எடுத்தால், "அதெல்லாம் நல்லா நடக்குதா சார்?" என்று கேட்பார். நல்லா நடக்குது என்பேன். சும்மா கிடந்த பலகையை அட்டெண்டர் திருப்பிப்போட்டுச் செருப்புக்கு எழுதினார். டீச்சர் பிறகு ஒருமுறை ஏதோ கேபிள் வாங்க எங்கள் பள்ளிக்கு வந்தபோது அதைக் கவனித்தார். பிசிறடித்த ஓரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்ல பலகை, வீணாப் போகல" என்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

போன மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். வயிற்றில் கட்டி, கண்டுபிடித்தபோதே முற்றியிருந்தது. சேதி கொண்டுவந்தவர்களோடு ஜீப்பில் கீழ் கோத்தகிரிக்குப் போனேன். அவருடைய அம்மா லைன் வீட்டு வாசலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "எம் புள்ளகிட்ட போன்ல பேசுவீங்களே, அந்த சாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.  தூறலிலேயே எடுத்துக்கொண்டு போனார்கள். எஸ்டேட்டின் புதைமேடு தேயிலைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

திரும்பி வரும் பாதையில் ஒரு பெண் என்னோடு சேர்ந்து நடந்தாள். குட்டையாகவே இருந்தாள், அதனால் அடையாளம் தெரிந்தது. இப்போது கோத்தகிரியில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறாள். இருபத்தாறு எழுதிய பெண்ணா என்று கேட்டேன். தலையாட்டினாள். கொஞ்ச தூரம் போனதும், "டீச்சர் அன்னைக்கு எங்க விடை தப்புன்னு சொல்லிருக்கலாம் சார்" என்றாள்.

நான் நின்றுவிட்டேன்.

"நான் போயி என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல. எந் தங்கச்சி என்னவிட கெட்டி சார் கணக்குல. அவ எட்டாவது வரும்போது தாளு இல்ல. இங்கிலீஷ்ல எழுத மாட்டேன்னுட்டா."

"டீச்சர்கிட்ட இதச் சொன்னியாம்மா?"

"சொல்லலை. அவங்களுக்குத் தெரியும் சார்."

அன்று காலை ஆய்வகத்தில் நான் சொன்ன அதே வார்த்தைதான். இத்தனை வருஷம் கழித்து ஒருத்தி வந்து நான் சொன்னது சரி என்கிறாள், அதுவும் யாருக்காக டீச்சர் அப்படிச் செய்தாரோ அவளே. சந்தோஷப்பட வேண்டிய இடம். நான் நடையைக் கூட்டினேன். டீச்சர் செய்தது தவறு என்று வேறொருவர் வாயால் கேட்டபோதுதான், அப்படி இல்லை என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று நான் இத்தனை நாளும் காத்திருந்தது எனக்கே தெரிந்தது.

லைன் ஆட்கள் எல்லாம் சாவுக்கு லீவு போட்டிருந்தார்கள். தோட்டத்தின் அடுத்த டிவிஷனில் வேலை நடந்துகொண்டிருந்தது. வடக்கேயிருந்து புதிதாக வந்த ஆட்கள், பிளாஸ்டிக் படுதாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையில் கத்தரியோடு நின்றார்கள். நெரை என்ற சொல் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் ஒவ்வொருவரும் இரண்டு செடி வரிசைகளுக்கு நடுவில் இருந்த சந்தில் நின்று, இடமும் வலமுமாகக் கை மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் செடி வரிசைகளை எண்ணினேன். பிறகு ஆட்களை எண்ணினேன். ஒன்று குறைந்தது. குன்னூரில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன், பஸ் ஜன்னல் வழியாக ஆயிரம் தடவை பார்த்த காட்சி. ஒரு தடவைகூட ஆள் எங்கே நிற்கிறாள் என்று பார்த்ததில்லை.

இந்த ஆண்டுப் போட்டி சென்ற வாரம் நடந்தது. முதல்நாள் மாலையே நான் பலகையைக் கழற்றித் திருப்பி மாட்டிவைத்தேன். ஏன் செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தமிழ்த் தாளும் இல்லை, அந்தப் பக்கம் அறையும் இல்லை. அம்பு காட்டுகிற இடத்தில் இப்போது ஜெனரேட்டர் நிற்கிறது. காலையில் ஏற்பாட்டாளர்களின் ஆள் ஒருவர், சின்ன வயசுப் பையன், கழுத்தில் அட்டையோடு வந்தார். மூன்று தடவை பலகையைப் பார்த்தார். பிறகு என்னிடம் தயங்கித் தயங்கி, "சார், இதைத் திருப்பிடட்டுங்களா? பசங்க கன்ஃப்யூஸ் ஆயிருவாங்க" என்றார்.

திருப்பிக்குங்க என்றேன்.

பிள்ளைகள் வந்தார்கள். பலகைக்குக் கீழே செருப்புகளையும் ஷூக்களையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார்கள். ஒழுங்கான பிள்ளைகள். சுவரோரம் ஒரு வரிசை, அதற்கு எதிரே இன்னொரு வரிசை என்று அழகாகவே வைத்திருந்தார்கள். கதவு சாத்தினார்கள். வராந்தாவில் வேறு யாரும் இல்லை. இரண்டு வரிசைகளுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் இருந்தது. நான் போய்க் கொஞ்ச நேரம் அங்கே நின்றேன்.